அஞ்சரை மணி விளக்கு

சனிக்கிழமை, பகல் பதினொரு மணி

வெரோனிகா: ...சீப்பு எங்கேன்னுதானேடி கேட்டேன். அதுக்கு இவ்ளோ பெரிய பதிலா?

மகதலேனா: கேட்டீங்க, சொன்னேன் அண்ணி. கண்ணாடிக்கு இடது பக்கம், ரெண்டாவது ஆணி. சீவி முடிச்சதும் அதே ஆணியில மாட்டிடுங்க.

வெரோனிகா: மாட்டலேன்னா?

மகதலேனா: நான் மாட்டிக்கிறேன்.

வெரோனிகா: போன தடவை நான் வந்தப்போ உன் சீப்பு அரிசி டின்னுக்குள்ள கெடந்துச்சு. ஞாபகம் இருக்கா?

மகதலேனா: மறக்க விட்டீங்களா நீங்க? வருசம் பூரா சொல்லிக் காட்டுனீங்களே.

வெரோனிகா: அதுக்கு முந்தின தடவை தீப்பெட்டி. வீட்டையே புரட்டிப் போட்டோம். கடைசியில...

மகதலேனா: மாதா சுரூபத்துக்குப் பின்னால இருந்துச்சு.

வெரோனிகா: என் தம்பிக்கு உன்னைக் கட்டி வச்சு ஒன்பது வருசம். இந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எந்தச் சாமானும் ஒரே எடத்துல ரெண்டு நாள் இருந்து நான் பாத்ததில்ல. இப்ப என்னடான்னா... சாவிக்கு ஒரு ஆணி, அகப்பைக்கு ஒரு ஆணி, தீப்பெட்டிக்குத் தகர டப்பா. கிள்ளான்லேர்ந்து காலை வண்டி ஏறி வந்தவ, வீடு மாறி நுழைஞ்சுட்டேனோன்னு வெளிய போய் நம்பரைப் பாத்துட்டு வந்தேன்.

மகதலேனா: நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?

வெரோனிகா: நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்குறேன். எதுக்கு?

மகதலேனா: வீடு சுத்தமா இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமா அண்ணி?

வெரோனிகா: உன் வீட்டுக்கு வேணும்.

மகதலேனா: வயசாகுது. புத்தி வந்துடுச்சு.

வெரோனிகா: முப்பது வயசுலயேவா? யாரு சொல்லிக் குடுத்தா?

மகதலேனா: யாருமில்ல. ரெண்டு மாசம் முன்னாடி நானா ஆரம்பிச்சேன். மொத வாரம் தீப்பெட்டி மட்டும். எடுத்தா அதே எடத்துல வைக்கணும், வேற எதைப் பத்தியும் கவலைப்படக் கூடாதுன்னு வச்சேன். அதுக்கே நாலு தடவை தப்பு பண்ணேன். ரெண்டாவது வாரம் சாவி. அப்புறம் செருப்பு. வாரத்துக்கு ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணும்னா என்னால முடியாது, என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

வெரோனிகா: எனக்கும் தெரியும்.

மகதலேனா: அப்புறம் நேரம். அது இன்னும் கஷ்டம். போன வருசம் கவர்மெண்டு கடிகாரத்தை இருபது நிமிசம் முன்னாடி தள்ளி வச்சதுலேர்ந்து எனக்கு எந்த மணியும் சரியா வந்ததில்ல. அதான் வண்டிச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டேன். மொத வண்டி ஊதுனா அடுப்பு. ரெண்டாவது ஊதுனா கஞ்சி இறக்கணும். கூட்ஸ் போச்சுன்னா துணி ஊற வைக்கணும்.

வெரோனிகா: இதையெல்லாம் எழுதி வேற ஒட்டி வச்சிருக்க. காலண்டருக்குப் பின்பக்கம்... "நாலே முக்கால், எழும்ப. அஞ்சு, அடுப்பு. ஏழு, பாசார்ல காய்கறி." ம்ம்... "அஞ்சரை, விளக்கு." அஞ்சரைக்கு எதுக்குடி விளக்கு? வெயில் இன்னும் முத்தத்துல கெடக்குமே!

மகதலேனா: கொசு வருது.

வெரோனிகா: கொசு விளக்கைப் பாத்து ஓடுமா? மண்ணெண்ணெய் என்ன ஆத்துலயா ஓடுது?

மகதலேனா: காலைத் தூக்குங்க அண்ணி, பெருக்கணும்.

வெரோனிகா: சரி, அதை விடு. பின்வாசல்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கியே, இடுப்பு உசரத்துக்கு. அது என்ன?

மகதலேனா: துணி காய.

வெரோனிகா: இடுப்பு உசரத்துலயா? சேலை மண்ணுல பொரளாதா?

மகதலேனா: சின்னத் துணிக்கு.

வெரோனிகா: அதுல ஒரு துணியும் காயலையே.

மகதலேனா: காயறப்போ காயும் லா... நீங்க வந்ததும் வராததுமா போலீஸ்காரன் மாதிரி...

வெரோனிகா: பின்படிக்கட்டு விளிம்புக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிருக்கியே?

மகதலேனா: மிச்சம் இருந்துச்சு, அடிச்சேன்.

வெரோனிகா: எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்க. சரி, இதுக்கும் சொல்லு. உன் அட்டவணையில ரெண்டு மணிக்கு நேரா ஒண்ணுமே எழுதல. சிலுவை மட்டும் போட்டிருக்க. ரெண்டுலேர்ந்து மூணு, என்ன வேலை?

மகதலேனா: ...ஜெபம்.

வெரோனிகா: கதவைப் பூட்டிட்டு வெளிய போயா?

மகதலேனா: யாரு சொன்னா?

வெரோனிகா: ஜெபம் பண்றவ மொகம் இப்படிக் கறுக்காதுடி.

மகதலேனா: தங்கமணி அக்காவா? பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு என் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா அவங்க வீட்டுச் சோறு எப்ப வேகும்? ...கூட்ஸ் ஊதிருச்சு. துணி ஊற வைக்கணும். சீப்பை ஆணியில மாட்டிடுங்க அண்ணி.

அன்று பகல் பன்னிரண்டரை

கிரிகரி: அவ எங்க?

வெரோனிகா: குழாயடிக்குப் போயிருக்கா. பன்னெண்டே காலுக்குத் துணி அலசணுமாம். சுவத்துல எழுதியிருக்கு. நீ சாப்பிடு.

கிரிகரி: மெதுவாப் பேசுக்கா.

வெரோனிகா: மெதுவாத்தான் பேசுறேன். காயிதம் போட்டு "தினமும் ரெண்டு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போறான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, உடனே வா, லேனாகிட்ட சொல்லாதே"ன்னு எழுதுனவன் நீ. வந்துட்டேன். இப்ப சொல்லு. என்ன நடக்குது இந்த வீட்டுல?

கிரிகரி: நீயே பாத்தேல்ல?

வெரோனிகா: பாத்தேன். பயமாத்தான் இருக்கு. ஆணி, டப்பா, அட்டவணை...

கிரிகரி: நாற்காலியை ஒரு சாண் நகத்துனாப் போதும், ஓடி வந்து பழையபடி வைக்கிறா. எட்டு வருசமா நான் திட்டாத திட்டு இல்ல, அப்பல்லாம் சிரிப்பா. இப்ப நான் திட்டறதை நிறுத்துனப்புறம் திருந்துறா. எந்தப் பொம்பளை அப்படித் திருந்துவா?

வெரோனிகா: யாருக்கோ பயந்து. இல்ல யாருக்கோ ஆசைப்பட்டு.

கிரிகரி: அக்கா...

வெரோனிகா: நான் சொல்லலடா. ஊரு சொல்லும். தங்கமணி என்ன சொன்னா?

கிரிகரி: ரெண்டு மணிக்கு டிஸ்பென்சரி பின்வாசல் வழியாப் போறாளாம். அங்க காயத்துக்கு மருந்து போடற நம்ம வாலண்டைன் டிரஸ்ஸர் இருக்காரு. அந்த நேரத்துல சீக்காளிங்க யாரும் இருக்க மாட்டாங்க.

வெரோனிகா: சேசுவே! அந்தப் பொண்டாட்டி செத்தவரா?

கிரிகரி: அவருதான். கோயில்ல எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னால உக்காருவாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்.

வெரோனிகா: நீ எங்க கோயிலுக்குப் போற? ஞாயித்துக்கிழமை பூசைக்கே வர்றதில்லையாமே நீ?

கிரிகரி: டூட்டி.

வெரோனிகா: எல்லா ஞாயிறும் சிக்னல்மேன் நீ ஒருத்தன்தானா? உன் கூட வேலை பாக்கற ரெங்கசாமி என்ன பண்றான்?

கிரிகரி: அவன் ராத்திரி டூட்டி பாக்குறான். நான் அவனோட ஞாயித்துக்கிழமை பாக்குறேன். மாத்திக்கிட்டோம். அது வேற கதைக்கா, விடு.

வெரோனிகா: உங்க ரெண்டு பேருக்கும் எல்லாமே வேற கதையாத்தான் இருக்கு. ஏன்டா சோத்தைக் கிளறிக்கிட்டே இருக்க?

கிரிகரி: மோந்து பாரு.

வெரோனிகா: ...மீன் குழம்பா?

கிரிகரி: கீரைக் குழம்புக்கா. முருங்கைக் கீரை. இதுல எங்கேர்ந்து மீன் நாத்தம் வரும்? காலையில கஞ்சியிலயும் இதே நாத்தம். நான் கேட்டா, "சட்டி நாத்தம்"ங்கறா. மேல எண்ணெய் மாதிரி ஏதோ மெதக்குது, பாரு. என் தட்டுல மட்டும். அவ தட்டுல இல்ல.

வெரோனிகா: ...தட்டைக் கீழ வை.

கிரிகரி: ஏன்?

வெரோனிகா: வைடா கீழ! எத்தனை நாளா?

கிரிகரி: ஒரு மாசத்துக்கு மேல. செவ்வா, வியாழன், சனி ராத்திரியில ஈரல் வேற. வாரத்துக்கு மூணு நாள் ஈரல் தின்னு தின்னு...

வெரோனிகா: இடுமருந்துடா. வேற என்ன? புருசனை மயக்கி ஒரு மூலையில உக்கார வச்சுட்டு, ரெண்டு மணிக்குக் கதவைப் பூட்டிட்டுப் போறா. உனக்கு ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?

கிரிகரி: ஒண்ணும் பண்ணல. சொல்லப் போனா...

வெரோனிகா: சொல்லப் போனா?

கிரிகரி: ஒண்ணுமில்ல.

வெரோனிகா: இப்படித்தான் ஆரம்பத்துல நல்லாயிருக்கிற மாதிரி இருக்கும். கேளு, நான் ஒரு வழி சொல்றேன். இந்த வீட்டுல எல்லாம் அதது எடத்துல இருக்குது. அதனால எது எங்க ஒளிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியல. அவ ரெண்டு மணிக்குக் கெளம்பட்டும். நான் மொத்தத்தையும் மாத்தி வைக்கிறேன். பெஞ்சு, பெட்டி, டப்பா, விளக்கு... ஒண்ணு விடாம. திரும்பி வந்ததும் எதைத் தேடி மொதல்ல ஓடுறாளோ, அங்கதான் இருக்கு குட்டு.

கிரிகரி: வேணாம்க்கா.

வெரோனிகா: ஏன் வேணாம்?

கிரிகரி: பெஞ்சையெல்லாம் மாத்தாதே. நான் டூட்டி முடிஞ்சு வரப்போ...

வெரோனிகா: வரப்போ என்ன?

கிரிகரி: ...பழகிப் போச்சு, அவ்வளவுதான்.

வெரோனிகா: ரெண்டு மாசத்துல அவ்ளோ பழகிருச்சா உனக்கு! இதுதாண்டா மருந்து வேலை செய்யறதுங்கறது. நீ போ. நான் முடிச்சுட்டு நாலே கால் வண்டியில ஊருக்குப் போயிடுறேன். மத்ததை நீ பாத்துக்க.

அன்று மாலை ஐந்தே முக்கால்

மகதலேனா: இங்க இருந்த விளக்கு எங்க அண்ணி?

வெரோனிகா: ஓஹோ. மொதல்ல விளக்கைத்தான் தேடுவியா?

மகதலேனா: என்ன இதெல்லாம்? பெஞ்சு ஏன் நடு வீட்டுல கெடக்கு? பெட்டியை யாரு இழுத்துப் போட்டா? தண்ணிப் பானை எங்க?

வெரோனிகா: நான்தான் கொஞ்சம் மாத்தி வச்சேன். ஒரே மாதிரி பாத்து அலுத்துப் போச்சு. நீ ஏன் இவ்ளோ லேட்டு? மூணு மணின்னு எழுதிட்டு அஞ்சே முக்காலுக்கு வர்ற! ஜெபம் நீண்டு போச்சோ? உனக்காகக் காத்திருந்து நாலே கால் வண்டியையும் விட்டுட்டேன்.

மகதலேனா: அண்ணி, வெளையாடாதீங்க. மணி அஞ்சரை தாண்டிருச்சு. விளக்கு எங்க?

வெரோனிகா: அது இருக்கட்டும். இது என்ன?

மகதலேனா: அது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?

வெரோனிகா: மாவு டின்னுக்குள்ள துணி சுத்தி ஒளிச்சு வச்சிருந்தியே, இந்தப் பாட்டில். மூடியைத் தொறந்தா கொடலைப் புடுங்குது. பக்கத்துல கரிக்கோடு வேற. ஒவ்வொரு கோடா எறங்கி வந்திருக்கு. சாப்பாட்டுக்கு எவ்ளோன்னு கணக்கா?

மகதலேனா: குடுத்துடுங்க அண்ணி.

வெரோனிகா: என்னன்னு சொல்லு. குடுக்கறேன்.

மகதலேனா: உங்ககிட்ட சொல்ல முடியாது.

வெரோனிகா: வாலண்டைன் டிரஸ்ஸர்கிட்ட மட்டும் சொல்லுவியா?

மகதலேனா: ...ஓ. அப்படியா நெனக்கிறீங்க?

வெரோனிகா: நான் மட்டுமா? உன் புருசனும்தான்.

மகதலேனா: அவருமா?

வெரோனிகா: காயிதம் போட்டு என்னை வரச் சொன்னதே அவன்தான். என்ன, உக்காந்துட்ட?

மகதலேனா: ஒண்ணுமில்ல. கால் வலிக்குது. மூணு மணி நேரம் டிஸ்பென்சரி வாசல்ல நின்னேன். பாசார் பக்கம் ஏதோ அடிதடியாம், டிரஸ்ஸர் தையல் போட்டுக்கிட்டே இருந்தாரு... அவருமா அப்படி நெனச்சாரு?

வெரோனிகா: அழுது மழுப்பாதே.

மகதலேனா: நான் அழல. அழறதுக்கு நேரமில்ல. அவரு எப்பவும் அஞ்சே முக்காலுக்கெல்லாம் வந்துருவாரு. இன்னிக்கு ஏன் வரலேன்னு தெரியல. விளக்கை மட்டும் எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வெரோனிகா: அது... கட்டிலுக்கு அடியில... இல்ல, பெட்டிக்குப் பின்னாலயா...

மகதலேனா: ரெண்டு எடத்துலயும் இல்லையே. தீப்பெட்டி?

வெரோனிகா: எல்லாத்தையும் வேகவேகமா மாத்துனேன். எதை எங்க வச்சேன்னு... நீயே தேடு. என்னைக் கேக்காதே.

மகதலேனா: வந்து தேடிக் குடுங்க அண்ணி!

வெரோனிகா: நான் எந்திரிக்க மாட்டேன். எனக்கு இடுப்பு வலி.

மகதலேனா: சரி. நான் தங்கமணி அக்காகிட்ட ஒரு விளக்கு வாங்கிட்டு வந்துடுறேன். நான் வர்றதுக்குள்ள அவரு வந்தா, வாசல்லயே நிக்கச் சொல்லுங்க. உள்ள விடாதீங்க. கேட்டீங்களா?

வெரோனிகா: அவன் வீட்டுக்குள்ள அவனை விடாதேன்னா என்னடி அர்த்தம்? அடியே... லேனா!

அன்று மாலை ஆறரை

கிரிகரி: லேனா... லேனா! ஏன் வீடு இப்படிக் கெடக்கு? விளக்கு ஏத்தலையா?

வெரோனிகா: யாரது?... தம்பியா?

கிரிகரி: நான்தான். ரெங்கசாமி லேட்டா வந்தான், அவன் வர வரைக்கும் சிக்னல் கேபினை விட்டு எறங்க முடியல. அக்கா, நீ இன்னும் போகலையா? எங்க இருக்க?

வெரோனிகா: இங்கதான்டா. லேனா விளக்கு வாங்கப் போனவ, இன்னும் காணோம். நீ அங்கேயே...

கிரிகரி: ஆ... ஐயோ!

வெரோனிகா: என்னடா? என்ன சத்தம்?

கிரிகரி: பெஞ்சு... யாரு பெஞ்சை இங்க போட்டது? அம்மா... முட்டி போச்சு.

வெரோனிகா: நான்தான் சொன்னேனே மத்தியானம், மாத்தி வைக்கப் போறேன்னு.

கிரிகரி: வேணாம்னு சொன்னேன்ல? கையைக் குடுக்கா.

வெரோனிகா: எந்திரிடா.

கிரிகரி: கையைக் குடு. எதைப் பிடிக்கறதுன்னு தெரியல.

வெரோனிகா: சின்னப் புள்ளையா நீ? சொந்த வீட்டுல விழறவன்... குடிச்சிருக்கியாடா?

கிரிகரி: அப்பாவையும் எல்லாரும் இப்படித்தான் கேட்டாங்க.

வெரோனிகா: ...அப்பாவை ஏன் இழுக்கற?

கிரிகரி: சாயந்திரமானா லயத்து வீட்டுக் காவாய்க்குள்ள விழுந்து கெடப்பாரு. குடிகாரன்னு தோட்டமே சிரிக்கும். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனுசன். நீதான் ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டைக்குப் போவ. இன்னிக்கு நீயே என்னைக் கேக்குற.

வெரோனிகா: தம்பி... நீ என்ன சொல்ற?

கிரிகரி: எனக்கு இருட்டுனா கண்ணு தெரியலக்கா.

வெரோனிகா: பகல்லயுமா?

கிரிகரி: பகல்ல ஒரு குறையுமில்ல. வெளிச்சம் மங்குனாப் போதும், சாக்கைப் போட்டு மூடுன மாதிரி ஆயிடுது. விளக்கு தெரியும். விளக்குக்குப் பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. ரெண்டு வருசமா கொஞ்சங்கொஞ்சமா வந்துச்சு. இந்த வருசம் மோசம்.

வெரோனிகா: அதே மாதிரிதான்...

கிரிகரி: என்ன அதே மாதிரி?

வெரோனிகா: அப்பாவைச் சொன்னேன். அப்பாவுக்கும் அப்படித்தான். நீ சொல்லு.

கிரிகரி: பிப்ரவரி மாசம் ஒரு நாள். இதே நேரம். தண்டவாளத்துல தள்ளுவண்டி ஒண்ணு நின்னுச்சு. நாலு பேரு அதைத் தூக்கி எடுக்கப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் கேபின்லேர்ந்து நல்லாத்தான் பாத்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. வண்டி வரலாம்னு சிக்னல் பிடியில கையை வச்சுட்டேன். ரெங்கசாமி கீழேர்ந்து கத்துனான் பாரு...

வெரோனிகா: மாதாவே. யாருக்காவது...?

கிரிகரி: ஒண்ணும் ஆகல. பிடியை இழுக்கல நான். அவன் மேல ஏறி வந்து என் கையை எடுத்து விட்டான். யாருகிட்டயும் சொல்லல. ராத்திரி டூட்டியை அவன் எடுத்துக்கிட்டான். அந்த நாலு பேரும் யாருன்னு கூட எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில யார்டுல ஆளுங்க போறப்போ, இவனா அவனான்னு ஒவ்வொரு மொகமா பாத்துக்கிட்டு நின்னேன்.

வெரோனிகா: லேனாகிட்ட சொன்னியா?

கிரிகரி: எப்படிச் சொல்றது? அடுத்த மாசம் கண் பரிசோதனை. தோத்தா வேலை இல்ல. வேலை இல்லேன்னா இந்த வீடு இல்ல. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் தினம் இருட்டறதுக்குள்ள ஓடி வந்துருவேன்.

மகதலேனா: ஓடி வரப்போ காவாயைத் தாண்ட மட்டும் நிப்பீங்க. ஒரு காலால தொட்டுப் பாத்துட்டுத் தாண்டுவீங்க.

கிரிகரி: லேனா...

மகதலேனா: விளக்கைக் கீழ வைக்கறேன். தங்கமணி அக்கா விளக்குல எண்ணெய் இல்ல, கடை வரைக்கும் ஓடி வாங்கிட்டு வர்றதுக்குள்ள நேரமாயிருச்சு. அசையாதீங்க. முட்டியில ரத்தம் வருது.

கிரிகரி: எப்ப வந்த நீ? எவ்ளோ கேட்ட?

மகதலேனா: புதுசா ஒண்ணும் கேக்கல. அந்த நாலு பேரு விசயம் மட்டும்தான் எனக்குத் தெரியாது.

வெரோனிகா: அப்ப மத்ததெல்லாம் உனக்கு...

மகதலேனா: பெரிய வியாழக்கிழமை பூசை முடிஞ்சு நடந்து வந்தோம் அண்ணி. இவரு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. ஒன்பது வருசத்துல ஒரு நாளும் அப்படிப் பிடிச்சதில்ல. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? யாரும் பாத்துடக் கூடாதேன்னு வெக்கப்பட்டுக்கிட்டே வந்தேன். குவார்ட்டர்ஸ் முனையில ஒருத்தரு பேசக் கூப்பிட்டாங்க, முந்தானையை விட்டாரு. விட்ட மறுநிமிசம் கம்பி வேலியில போய் முட்டுனாரு. முட்டிட்டு, வேலியை ஆட்டிப் பாக்கற மாதிரி நடிச்சாரு.

கிரிகரி: வேலி ஆடுச்சு.

மகதலேனா: ஆடுச்சு, நீங்க முட்டுனதுல.

வெரோனிகா: அதுக்காகவா இந்த ஆணியும் டப்பாவும்...

மகதலேனா: அன்னிக்கு ராத்திரி இவரு தீப்பெட்டியைத் தேடுனாரு. நான் எங்க போட்டேன்னு எனக்கே தெரியல. சுவரைத் தடவித் தடவி... நான் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டுப் பாத்தேன். மறுநாளே ஒரு தகர டப்பா எடுத்து வச்சேன். அதுலேர்ந்துதான்.

கிரிகரி: கயிறு...

மகதலேனா: நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே போறீங்க? ஒரு நாளாவது ஏன் கட்டியிருக்கேன்னு கேட்டீங்களா?

கிரிகரி: கேட்டா, நான் ஏன் அதைப் பிடிக்கிறேன்னு நீ கேப்பியோன்னு...

வெரோனிகா: இந்தப் பாட்டில்?

மகதலேனா: சுறா ஈரல் எண்ணெய். வாலண்டைன் டிரஸ்ஸர் குடுத்தது. மாலைக்கண்ணா இருந்தா மூணு மாசம் விடாம குடுக்கணும்னாரு. கூடவே ஈரல், முருங்கைக் கீரை. நேரம் தவறக் கூடாதுன்னாரு. நேரம்! எனக்கு! அதான் சுவத்துல எழுதி வச்சேன். முன்வாசல்ல போனா ரயில்வே ஆளுங்க பாத்துக் கேப்பாங்க. அதனால பின்வாசல்ல போனேன். தங்கமணி அக்கா அதையும் பாத்துட்டாங்க.

கிரிகரி: என்கிட்ட ஏன் சொல்லல?

மகதலேனா: நீங்க சொல்லாம மறைச்சீங்க. நான் கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும். உங்களைப் பொய் சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா நீங்க... நான் டிரஸ்ஸரைத் தேடிப் போறேன்னு...

கிரிகரி: லேனா. வேணாம்.

மகதலேனா: நான் கேக்கத்தான் போறேன். இன்னிக்கு இல்ல. முட்டி ஆறட்டும், அப்புறம் ஒரு நாள் உக்கார வச்சுக் கேக்கறேன்.

கிரிகரி: கேளு. எத்தனை நாள் வேணும்னாலும் கேளு. ...முந்தாநாள் ஒண்ணு நடந்துச்சு. கேபினோட இருட்டுப் படியை எப்பவும் எண்ணித்தான் எறங்குவேன். பதினேழு. அன்னிக்கு எண்ண மறந்துட்டேன். பாதியில நின்னு பாத்தா, கீழ்ப்படி சாம்பலா, லேசாத் தெரிஞ்சுது.

மகதலேனா: தெரிஞ்சுதா?

கிரிகரி: இந்த எண்ணெயாலன்னு எனக்கு எப்படித் தெரியும்? பயந்துட்டேன்.

மகதலேனா: டிரஸ்ஸர் ஒரு காயிதம் எழுதித் தர்றேன்னாரு. மூணு மாசத்துக்குக் கூட்ஸ் ஷெட்ல பகல் வேலை கேக்கலாமாம். ஆனா நீங்க வாயைத் தொறந்து சொன்னாத்தான் அவரு எழுதுவாராம்.

கிரிகரி: வேலையை விட்டே அனுப்பிட்டா?

மகதலேனா: அனுப்புனா போவோம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சுத்தியலும் ஆணியும் போதும் எனக்கு. அந்த நாலு பேரு மாதிரி இன்னும் நாலு பேரு தண்டவாளத்துல நின்னா?

கிரிகரி: ...திங்கக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடுறேன்.

மகதலேனா: சொல்லுங்க. நானும் வாசல் வரைக்கும் வரேன். இப்ப காலை நீட்டுங்க, கழுவணும். அண்ணி, ஏன் நீங்க பேசவே மாட்டேங்கறீங்க?

வெரோனிகா: என்ன பேச? உன்னைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே.

மகதலேனா: அது போகட்டும். எனக்கு இன்னொண்ணுதான் மனசு ஆறல. வெளிய இன்னும் நல்லா வெளிச்சமா இருக்கு. தங்கமணி அக்கா வாசல்ல உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டிருக்காங்க. இவரு விழுந்து கெடந்து கையைக் குடு, கையைக் குடுன்னு கெஞ்சுனது எனக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சு. நீங்க ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருந்தீங்க. கூடப் பொறந்தவரு. ஒரு கையைக் குடுத்திருக்கக் கூடாதா அண்ணி?

வெரோனிகா: குடுத்திருப்பேன்டி... அவன் எந்தப் பக்கம் விழுந்து கெடந்தான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா.